பூஜைக்கு ஓயாத ரயில்

தியாகராய நகர் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்துவந்த நல்லசிவம், மனைவி பங்கஜம் இறந்த வருஷம், 1973இல், மைத்துனன் ஜெர்மனியிலிருந்து அனுப்பிய பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி ஒரு ரயில் செய்தார். பேட்டரி போட்டால் கூடமெல்லாம் ஓடும்.

ஆயுத பூஜையன்று கருவிகளுக்கு ஓய்வு. அதனால் பேட்டரிகளைக் கழற்றிப் பங்கஜத்தின் படத்தடியில் வைத்துக் குங்குமம் இட்டார். அவர் இனித் தனியாக இருக்க வேண்டாமென்று திருநெல்வேலிக்கு அழைத்துப்போக வந்திருந்த கொழுந்தியாள் தங்கம், அவர் வேட்டிகளைப் பெட்டியில் அடுக்கினாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், பட்டப்பகலில் ரயில் கிளம்பியது. வாசற்படிக்குக் குறுக்கே போய் நின்றது.

“அத்தான், பேட்டரி படத்தடியிலல்லா இருக்கு!” என்று அலறினாள் தங்கம்.

“உங்கக்கா எந்தப் பூசைக்கு ஓஞ்சு உக்காந்தா?” என்றவர், வேட்டிகளை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தார்.

தங்கம் பின்வாசல் வழியாகத்தான் எழும்பூருக்குப் போனாள்.