ஒல்லாந்து வரை போன சுருவில் தண்ணீர்

யாழ்ப்பாணத் தீவொன்றில், கரம்பொன் ஊர் டெனிஸ்ரன் பதினாறு வருடம் தொலைபேசிக் கம்பங்களில் ஏறி இறங்கியவன். ஒருநாள் விழுந்து இடுப்பு முறிந்ததோடு அந்த வேலை போயிற்று. இடுப்பு ஆறி வீட்டில் இருந்தவனைப் பேராசிரியர் சோமாஸ்கந்தன் தேடி வந்தார். அதே தீவிலுள்ள சுருவிலில் நிலத்தடி நீர் ஆய்வு நிலையம் ஒன்று வரப்போகிறது, ஃபைபர் லைன் ஒட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். டெனிஸ்ரன் மறுநாளே போய்ச் சேர்ந்தான்.

நிலையம் என்பது குளிரூட்டி பூட்டிய ஒற்றை அறை. ஊரில் இருபத்தாறு கிணறுகளுக்குள் உப்பு அளக்கும் கருவிகளை இறக்கியிருந்தார்கள். வருடத்துக்கு இருமுறை மண்ணுக்குள் மின்சாரம் பாய்ச்சி, தீவின் அடிவயிற்றையே படம் பிடித்தார்கள். முன்பு இந்தப் படங்களை வன்தட்டில் ஏற்றிப் பெட்டியில் வைத்து விமானத்தில் அனுப்ப வேண்டியிருந்தது. இப்போது பல்கலைக்கழகங்களுக்கென்றே உலகமெங்கும் இழுத்த வேகமான லைனில் ஏற்றினால், ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஒல்லாந்திலுள்ள பெருங்கணினிக்குப் போய்விடும். யப்பானில் இருப்பவர்களும் அதே நேரத்தில் திறந்து பார்ப்பார்கள்.

அந்த லைனை டெனிஸ்ரன் பிள்ளையைப்போலப் பார்த்தான். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது, இரண்டு நாள் வரிசையில் நின்று வாங்கிய டீசலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து ஜெனரேற்றர் ஓட்டினான். அந்த வருடம் முழுக்க ஒருநாள் தகவல்கூடத் தவறவில்லை. இணையக் கூட்டத்தில் ஒல்லாந்துக்காரர் திரையில் கைதட்டினார்கள். அவனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

ஏழாம் இலக்கக் கருவி இருந்தது மீனாம்பிகையின் கிணற்றில். புருசன் இல்லாத மனிசி. மிளகாயும் கத்தரியும் வைத்து இரண்டு பெண்பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தவள். அவன் கருவி துடைக்கப் போகும்போதெல்லாம் பால் விடாத பிளேன்ரீ கொடுப்பாள்.

அடுத்த வருடம் ஆவணி மாதத்தில் ஒல்லாந்திலிருந்து கணித்த படம் வந்தது. நல்ல தண்ணீர் நீலம், உப்பு சிவப்பு. மீனாம்பிகையின் கிணறு இருந்த மேற்குப் பக்கத்தில் நீலம் ஒரு தோசை அளவு மெல்லிசாக மிதந்தது. கீழெல்லாம் சிவப்பு. கிணற்றை ஆழமாக்கினால் உப்பு மேலே ஏறிவிடும், பிறகு நாற்பது வருடத்துக்கு இறங்காது என்று திரையிலிருந்த பெண் நிதானமாக விளக்கினாள். ஐந்து வருடத்தில் அந்த அளவு ஆங்கிலம் அவனுக்கு விளங்கத் தொடங்கியிருந்தது.

கூட்டம் முடிந்ததும் பேராசிரியர் சொன்னார்: "அறிக்கை அமைச்சுக்குப் போகும்வரைக்கும் வெளியில ஒருத்தரிட்டையும் கதையாதையும், டெனிஸ்ரன்."

"ஏழாம் நம்பர் அக்காவுக்கு மட்டும் சொல்லட்டே, சேர்?"

"ஒரு ஆளுக்குச் சொன்னா ஊருக்கே சொன்னமாதிரி. நாளைக்குப் பிழையெண்டால் ஆர் பதில் சொல்லுறது?"

இரண்டு நாள் கழித்து மீனாம்பிகையே கேட்டாள்.

"தம்பி, தண்ணி கொஞ்சம் கரிக்குது. இன்னும் பத்தடி இறக்குவம் எண்டு நினைக்கிறன். உங்கட மெசின் என்ன சொல்லுது?"

"எனக்கு அதுகள் விளங்காது அக்கா. அனுப்புறது மட்டும்தான் என்ர வேலை."

அடுத்த கிழமை கிணற்றை ஆழமாக்கக் கல் உடைக்கிறவர்கள் வந்தார்கள். ஒரு மாதத்தில் மிளகாய்க் கன்றுகளின் இலையோரம் கருகியது. பிறகு கத்தரி. அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரை ஆடுகூடக் குடிக்கவில்லை.

டெனிஸ்ரன் மூன்று முறை அவள் வாசல் படலை வரை போய்த் திரும்பினான். நாலாம் முறை உள்ளே போனான்.

"அக்கா, ஆழமாக்கினா உப்பு ஏறும் எண்டு எனக்குத் தெரியும்."

மீனாம்பிகை காய்ந்த கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எப்ப இருந்து?"

"நீங்கள் கிண்டத் தொடங்க ஒன்பது நாள் முந்தி."

அவள் வேரின் மண்ணை உதறினாள்.

"ஒன்பது நாளும் இந்தப் படலையடியாலதானே போய் வந்தனீர்."

அடுத்த கன்றைப் பிடுங்கினாள். ஏசியிருந்தால் அவனுக்கு நிற்க ஒரு இடம் கிடைத்திருக்கும். தை பிறக்கும் முன் ஆடுகளை விற்றுவிட்டுக் கிளிநொச்சியில் மகளிடம் போய்விட்டாள். போகும்போது அவனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அறிக்கை அதற்குப் பிறகுதான் வெளிவந்தது. ஆங்கிலத்தில், நூற்றுப் பன்னிரண்டு பக்கம். கிடைத்தது என்று அமைச்சிலிருந்து ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான். வெளிநாட்டு நிதியும் முடிந்தது. கருவிகளை மேலே இழுத்து, லைனைக் கழற்றி, முனைகளுக்கு மூடி போட்டு, அறையைப் பூட்டித் திறப்பை யாழ்ப்பாணத்தில் ஒப்படைத்தவன் டெனிஸ்ரன்தான்.

இப்போது அவன் வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் வேலை செய்கிறான். போகிற வீடெல்லாம், கேட்டாலும் கேளாவிட்டாலும், கிணற்றை ஆழமாக்க வேண்டாம் என்று சொல்கிறான். சென்ற மாதம் சரவணை ஊரில் ஒரு வீட்டுக்காரர், கனடாவிலிருந்து வந்து புது வீடு கட்டுகிறவர், பொறுமையாகக் கேட்டார்.

"இது எங்கயாவது தமிழில எழுதியிருக்கோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப நீர் என்ன படிச்சனீர்?"

"லைன் வேலை பார்த்தனான்."

அவர் சிரிக்கவில்லை. மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுப் பின்பக்கக் கிணற்றடிக்குப் போனார். சிறிது நேரத்தில் அங்கே துளை இயந்திரம் ஓடத் தொடங்கியது. டெனிஸ்ரன் ஏணியில் ஏறி, கூரை ஓரமாக வயரை ஆணியடித்துக்கொண்டு போனான்.