ஒரு சாண் துண்டுகள்

மரமேறுகிறவருக்கு ஊர் வைத்த பெயர் 'ரெண்டு கயிறு'. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது.

ஒரு மரத்தில் ஏறுவதற்கு அவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஏறுவதற்கு அல்ல, ஏறாமல் இருப்பதற்கு. முதலில் மரத்தைச் சுற்றி வருவார். அடித்தண்டை மரச்சுத்தியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார், மரம் ஏதோ குடும்பக் கஷ்டத்தைச் சொல்ல வந்த மாதிரி. வேரடியில் காளான் முளைத்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பிறகு கிளைமேல் கயிற்றை எறிந்து போட்டு, அவரும் மைத்துனனும் சேர்ந்து அதில் தொங்கிப் பார்ப்பார்கள். வளர்ந்த ஆண்கள் இரண்டு பேர் பட்டப்பகலில் ஒரே கயிற்றில் தொங்கினால் வேடிக்கை பார்க்க ஆள் சேராமல் இருக்குமா? அதுபற்றி அவருக்குக் கவலை இல்லை. மேலே போனபின் இடுப்புக் கயிறு ஒன்று, ஏறு கயிறு ஒன்று. ரம்பம் கையில் இருக்கும்வரை இரண்டும் மாட்டியிருக்க வேண்டும். பட்டப்பெயர் வந்தது இதனால்தான்.

அவருடைய அண்ணனுக்கு இந்த வியாதியெல்லாம் கிடையாது. அண்ணன் சூரர். ஒரே கயிறு, வெறுங்கால், வாயில் சிகரெட். "என் தம்பி முடிச்சுப் போட்டு முடிக்கறதுக்குள்ள அடுத்த மரம் முளைச்சிரும்" என்று வேலைக்குக் கூப்பிட்டவர்களைச் சிரிக்க வைப்பார். தம்பி மூன்று மரம் முடிக்கும் நாளில் அவர் ஐந்து முடிப்பார். பதினோரு வருடமாக அவருக்கு இரண்டாவது கயிறு தேவைப்படவில்லை. முதல் கயிறும் தேவைப்படவில்லை.

அண்ணன் விழுந்து செத்த அன்று அறுந்தது பழைய கயிறு என்று அண்ணியிடம் சொன்னது தம்பிதான். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அந்தக் கயிற்றில் ரம்பப் பல் பட்டிருந்ததைக் கண்டுபிடித்து ஒதுக்கியவர் அவரே. சாமான் கட்டவாவது ஆகும் என்று கொட்டகை ஆணியில் மாட்டியவரும் அவரே. இத்தனை ஜாக்கிரதையான மனிதருக்கு அதை வெட்டிப் போடத் தோன்றவில்லை. மறுநாள் அண்ணனின் கை அந்த ஆணிக்குத்தான் போயிற்று. அண்ணி அதே வீட்டில், எதிர் அறையில் இருக்கிறாள். அவளிடம் இதைச் சொல்ல அவர் பதினோரு வருடமாக நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த மரத்தையும் அவர் இத்தனை சுற்றுச் சுற்றியதில்லை.

போன வாரம் ஒரு பெரிய அலுவலக வளாகத்தில் வேலை. கார் நிறுத்தும் இடத்தின்மேல் சாய்ந்த கிளைகளை இறக்க வேண்டும். பதினோரு மணிக்கு நிறுவனத் தலைவர் வருகிறார், அதற்குள் மரம் ஒழுங்கு மரியாதையாக நிற்க வேண்டும் என்பது நிர்வாக அதிகாரியின் உத்தரவு. கடைசிக் கிளையை அறுக்கும்போது கிளை எகிறி, ரம்பம் துள்ளி, ஏறு கயிற்றைக் கடித்தது. மேலுறை பிரிந்து உள்ளே வெள்ளை நூல் தெரிந்தது. நாற்பதடி உயரத்தில், உபதேசம் செய்கிறவருக்கே.

தண்டைச் சுற்றியிருந்த இடுப்புக் கயிற்றுக்கு உடம்பின் பாரத்தை மாற்றினார். "மாப்ள, வேற கயிறு அனுப்பு. புதுசு."

"அதான் இடுப்புல ஒண்ணு இருக்கே!" கீழிருந்து அதிகாரி கத்தினார். "ஒரு கிளைதானே பாக்கி? முடிச்சிட்டு இறங்குங்க!"

"நீங்க வேணா ஏறி முடிச்சிருங்க சார், நான் கீழ நின்னு கத்தறேன்" என்றான் மைத்துனன், மிகுந்த மரியாதையோடு.

புதுக் கயிறு மேலேறி, அதை மாட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்து முடிய இருபது நிமிடம். தலைவரின் கார் வாசலிலேயே நின்றது. தலைவர் காருக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் சேர்த்து அதிகாரி வியர்த்தார். இனிமேல் உங்களைக் கூப்பிட மாட்டோம் என்று சொல்லி அனுப்பினார். மரத்தின் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

மாலையில், வீட்டுக் கொட்டகையில், மைத்துனன் அந்தக் கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டப் போனான்.

"அதைக் குடு மாப்ள."

"மாமா, நாப்பது மீட்டர் கயிறு. ஒரே ஒரு இடத்துலதான் கீறல். வண்டியில சாமான் கட்டவாவது ஆகும். இப்படியே வெட்டி எறிஞ்சீங்கன்னா உங்களை 'கயிறே இல்ல'ன்னுதான் கூப்பிடணும்."

அவரே வாங்கிக்கொண்டார். கயிற்றை மரக்கட்டைமேல் வைத்துக் கத்தியை எடுத்தார். ஒரு சாண், வெட்டு. ஒரு சாண், வெட்டு.

காய்ந்த துணிகளோடு அந்தப் பக்கம் வந்த அண்ணி நின்றாள். "எதுக்குத் தம்பி இவ்வளவு பொடிசா? பீன்ஸா நறுக்கறீங்க?"

கத்தி நின்றது. நல்ல நேரம் என்ற ஒன்று வரப்போவதில்லை என்பது அவருக்கு நாற்பதடி உயரத்திலேயே உறைத்திருந்தது.

"அண்ணி, அன்னைக்கு அண்ணன் கொண்டுபோன கயிறு வெறும் பழசு இல்ல. பல்லு பட்டதுன்னு நான் ஒதுக்கினது. வெட்டாம இங்க மாட்டிட்டேன்."

மைத்துனன் சுவரைப் பார்த்தான். அந்தச் சுவரில் ஆணியைத் தவிர வேறொன்றும் இல்லை.

"தெரியும்" என்றாள் அண்ணி. "அன்னைக்குக் காலையில சட்டை போட்டுக்கிட்டே சொன்னாரு. 'உன் கொழுந்தன் ஒரு கீறலுக்குப் பயந்து நல்ல கயிறை ஒதுக்கி வச்சிருக்கான், நான் எடுத்துட்டுப் போறேன்'னு." துணிகளை ஸ்டூல்மேல் வைத்தாள். "நானும் சேர்ந்துதான் சிரிச்சேன்."



அண்ணி தரையில் உட்கார்ந்து கயிற்றின் மறுமுனையைக் கையில் சுற்றி இழுத்தாள். "தொளதொளன்னு இருந்தா கத்தி நழுவும். நான் பிடிச்சுக்கறேன், வெட்டுங்க."

வெட்டினார். துண்டு ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

"இன்னும் சின்னதா" என்றாள்.