காலூ வாலாட்டிய பக்கம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இது என் மச்சான் சூரு ராமுக்கு நடந்தது. ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. அவர் உள்ளங்கையில் இருக்கும் மூன்று தழும்புகளையும் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பர்மோர் பனிமலையில் பெண்டாட்டி இல்லாமல்கூட ஆட்டுக்காரன் பிழைத்துவிடுவான். நாய் இல்லாமல் முடியாது. சூருவின் நாய் காலூ கன்றுக்குட்டி உயரம் இருக்கும். சிறுத்தை கழுத்தைக் கவ்வாமல் இருக்க முள் வைத்த இரும்புப் பட்டை போட்டிருப்பார். வருஷம் தவறாமல் வெறிநாய் ஊசி. அவர் தின்னும் மக்காச்சோள ரொட்டிதான் அதற்கும், மோரில் ஊறவைத்து. மலையேற வரும் பையன்கள் செல்ஃபி எடுக்கக் கிட்டே போனால் கல்லைத் தூக்குவார். பையன்கள் மேல்தான்.

"அது கடிச்சா குத்தம் அதுமேல இல்லப்பா. வளத்தவன்மேல."

கிடைக்குப் புது ஆள் வந்தால் ஒரு முறை உண்டு. சூரு அந்த ஆளின் கையைத் தன் கையோடு சேர்த்துக் காலூவின் மூக்கருகே நீட்டுவார். "நம்ம ஆளு" என்பார். அதற்குப் பிறகு அந்த ஆளைப் பார்த்துக் காலூ குரைக்காது. மற்ற யாரையும் கிட்டே விடாது. நாய் ஆளைத் தப்பாகச் சொல்லாது. எங்கள் பக்கம் இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

அந்த ஆவணியில் மாவும் உப்பும் வாங்க, சூருவை மட்டும் கிடையில் விட்டுவிட்டு அவர் தம்பி ஜர்மு கீழே பாலத்துப் பக்கம் போனான். போகும்போது வம்புக்கு இழுத்தான்.

"எனக்கு முன்னாடி நாய்க்கு ரொட்டி போடுறியே அண்ணே, நாளைக்குக் கொள்ளியும் அதையே வைக்கச் சொல்லு."

"அது வைக்கும்டா. நீதான் தீப்பெட்டியத் தொலைச்சிட்டு நிப்பே."

அவன் போன இரண்டாம் நாள் மதியம் மூன்று மணி இருக்கும். பட்டப்பகல்தான். ஆனால் மூடுபனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

காலூ ஒருமுறை குரைத்தது.

சட்டென்று நிறுத்தியது.

அப்புறம் ஒரு சத்தம். தப்... தப்... தப்... வால் தரையில் அடிக்கிற சத்தம்.

சூரு எழுந்து போனார். காலூ பனியைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. தலையைச் சாய்த்திருந்தது. யாரோ காதோரம் சொறிந்துவிடுவது போல...

அங்கே யாரும் இல்லை.

"ஜர்மு? நீயாடா?"

ஆடுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. ஒன்றுகூட அசை போடவில்லை.

பனிக்குள்ளிருந்து ஒரு விசில் வந்தது.

சூருவின் விசில். முன்பல் போன சந்தில் காற்று சீறுமே, அதே விசில்.

காலூ எழுந்தது. சூரு பாய்ந்து பட்டையைப் பிடித்தார். முள் உள்ளங்கையில் இறங்கியது. விடவில்லை. காலூ திரும்பிப் பார்த்து உறுமியது.

அவரைப் பார்த்து.

கை தானாக விட்டது. பட்டையின் சத்தம் சரிவில் இறங்கிப் போனது. கிணிங்... கிணிங்... அப்புறம் அதுவும் இல்லை.

பின்னால் ஓட முடியாது. இருநூறு ஆடு. சிறுத்தைக் காடு. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போனதுதான் மிச்சம். ராத்திரி முழுக்கக் கைக்குத் துணி சுற்றிக்கொண்டு நெருப்பருகே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மதியம் ஜர்மு வந்தான். கூடவே காலூ.

"என்னண்ணே, பாலத்துக்கிட்ட வந்து நாயக் கையில குடுத்துட்டு ஒரு வார்த்தை பேசாம நின்னியே? கோவமா?"

"நான் இங்கேருந்து நகரவே இல்லடா."

"விளையாடாதே. நேத்துப் பொழுது சாயறப்ப..."

பாலத்துக்கு இறங்கவே அரை நாள் ஆகும்.

சூரு காலூவைக் கூப்பிட்டார். அது முடி சிலிர்த்துப் பல்லைக் காட்டியது. நாலு மாசக் குட்டியிலிருந்து அவர் கையில் தின்ற நாய்.

ஜர்முவுக்குச் சிரிப்பு போய்விட்டது. அண்ணன் கையைத் தன் கையோடு சேர்த்தான். காலூ மூக்கருகே நீட்டினான்.

"காலூ... நம்ம ஆளுடா."

காலூ மோந்து பார்த்தது. பின்வாங்கியது. உறுமல் நிற்கவில்லை.

"டேய், நான்டா..." என்றார் சூரு. நாயிடம் சொன்னாரா, தம்பியிடம் சொன்னாரா, அவருக்கே தெரியவில்லை.

ஜர்மு மெதுவாக அண்ணன் கையை விட்டான்.

நாய் தப்பாகச் சொல்லாதே.

அதற்குள் காலூ திரும்பிவிட்டது. ஜர்மு ஏறி வந்த பாதை பக்கம், பனியைப் பார்த்து உட்கார்ந்தது. தப்... தப்... தப்... ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததில் அப்போது இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

ஐப்பசியில் கிடையை இறக்கும்போது பாலத்தடி டீக்கடையில் நின்றார்கள். கடைக்காரர் சூருவைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆவணில அன்னிக்கு ராத்திரி பூரா பாலத்துலயே நின்னீங்களே, டீகூட வேணாம்னுட்டு. விடியக்காலைல தம்பி நாயோட ஏறினப்ப பின்னாடியே ஏறினீங்க. நல்லபடியா மேல போய்ச் சேந்தீங்களா?"