கெட்டிமேளம் வராத இசைத்தட்டு

மூன்று வருடங்களுக்கு முன், உரும்பிராயில் என் அத்தானின் அறுபதாம் கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது தொடங்கியது இது. அக்காவின் கழுத்தில் அவர் மறுபடி தாலி கட்ட வேண்டும். மேளகாரரைப் பிடிக்கச் சொன்னாள் அக்கா. வீட்டோடு நடக்கும் காரியத்துக்கு நல்ல இசைத்தட்டே போதும், அது என் பொறுப்பு என்று தடுத்தவன் நான். பழைய இசைத்தட்டுகளின் தரம் பார்ப்பதில் எனக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்ததும் நான்தான்.

கரவெட்டியில், ஒருகாலத்தில் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டிய பெரியவர் ஒருவரிடம் போனேன். ஒரே நாதஸ்வர இசைத்தட்டில் இரண்டு பிரதிகள் வைத்திருந்தார். ஒன்று தேய்ந்து, சாம்பல் பூத்து, நடுவில் சந்தனக் கறையோடு இருந்தது. மற்றது கண்ணாடி. முகம் பார்த்துத் தலை வாரலாம். எனக்குத்தான் வாருவதற்கு ஒன்றுமில்லை. அதை யன்னல் வெளிச்சத்தில் சரித்து, நடுத்துளையைத் தடவி, மணந்துகூடப் பார்த்தேன்.

"போட்டுக் கேட்டிட்டுக் கொண்டு போங்கோ, தம்பி."

"தேவையில்லை அண்ணை. கண்ணாலை பாத்தாலே தெரியும்."

அவர் அதையே உறையில் போட்டு நீட்டினார். "அப்ப சரி."

என் திறமையைக் காட்ட அவரையும் விழாவுக்கு அழைத்துவிட்டு வந்தேன். ஊசி பட்டால் மினுக்கம் போய்விடும் என்று வீட்டிலும் போட்டுப் பார்க்கவில்லை.

விழாவன்று நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்க, அத்தான் தாலியைத் தூக்கினார். நான் ஊசியை வைத்தேன். நாதஸ்வரம் கம்பீரமாக ஏறி, கெட்டிமேளத்துக்கு ஒரு படி முன்னால் நின்று, அதே நான்கு சுரங்களைச் சுற்றத் தொடங்கியது. ஊசித் தண்டைத் தட்டினேன். பின்னால் பாய்ந்து, திரும்பவும் அங்கேயே வந்து நின்றது. சபை, தூவி வாழ்த்துவதற்கான அறுகரிசியைக் கையில் பொத்திக்கொண்டு காத்திருந்தது. ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். தோள்மூட்டு நோவுள்ள அத்தானின் கைகள் அக்காவின் கழுத்தருகே நடுங்கின.

"தம்பி," என்றாள் அக்கா, குனிந்த தலை நிமிராமல், "எழுபதுக்கெண்டாலும் கட்டி முடிப்பாரோ?"

பெரியவர் எழுந்து வந்தார். பையிலிருந்து அந்தச் சாம்பல் பூத்த இசைத்தட்டை எடுத்துப் போட்டு, வேண்டிய இடத்தில் ஊசியை வைத்தார். கரகரத்தது, ஆனால் எங்கும் நிற்காமல் ஓடிக் கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறியது.

"முதலே சொல்லியிருக்கலாமே அண்ணை?"

"கேக்கச் சொன்னன். நீங்கள் பாத்தியள். அது வாங்கின நாளே பாயத் தொடங்கினது. ஒருத்தரும் போடேல்லை, அதுதான் மினுங்குது. இது எத்தினை கலியாணத்திலை ஓடினது. நீங்கள் கேக்கிற ஆளில்லை எண்டு தெரிஞ்சுதான் கையோடை கொண்டந்தனான்."

என் அலுமாரியின் முன்வரிசையில் சில தடித்த புத்தகங்கள் இன்றும் புத்தம் புதிதாக மினுங்குகின்றன. யாராவது அவற்றைக் காட்டி என்னைப் பெரிய படிப்பாளி என்று சொல்லும்போதெல்லாம், அத்தானின் நடுங்கும் கைகள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன.