வாத்துக்கு அடித்த பெயிண்ட்

எங்கள் எர்ணாவூர் வீட்டுப் பின்சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், செங்காவி நிறத்தில் நீளமாக ஒரு தீற்றல் இருக்கிறது. கேட்டுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு பெயிண்ட். மனிதர் யாரும் அடித்ததல்ல, ஒரு வாத்து உரசிவிட்டுப் போனது. போன வாரம் வெள்ளையடிக்க வந்தவர் அதைச் சுரண்ட உட்கார்ந்தார். "கைய எடு" என்று நான் போட்ட சத்தத்தில் கையிலிருந்த தகட்டைக் கீழே போட்டுவிட்டார்.

அந்தத் தீற்றலுக்குக் காரணம் என் மாமனார். ஹார்பரில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி, எது யாருடையது என்று மார்க் போடுவது அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகு எண்ண ஒன்றும் இல்லாமல் போனதால் ஆறு வாத்து வளர்த்தார். ஒரு ஆண், ஐந்து பெண். காலையில் எண்ணுவார். ஆறு வரும். சந்தேகப்பட்டு இன்னொரு தடவை எண்ணுவார். தினமும் ஆறு வாத்தை இரண்டு தடவை எண்ணுகிற மனிதரோடு ஒரே வீட்டில் இருந்து பாருங்கள், எனக்கு ஏன் கோபம் வருகிறது என்று புரியும்.

என் அம்மா எண்ணூர் ஆற்றோரம் குடிசையில் இருந்தாள். குடிசைகளை எடுத்துவிட்டு, ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். அங்கே வாத்து வளர்க்க முடியாது. அவளுடைய நான்கு வாத்துகளையும் கூடையில் அடைத்து, ஷேர் ஆட்டோவில் சண்டை போட்டு இடம்பிடித்து, நான்தான் கொண்டுவந்தேன். கிளம்பும்போது அம்மா சொன்னாள்: "வூடு போனா போவுது. இதுங்கள கொயம்புல மட்டும் போட்றாதடி." போடமாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

கூடையோடு உள்ளே நுழைந்ததும் மாமனார் மறித்தார்.

"நேரா உள்ள வுடாதம்மா. புதுக் கப்பல் வந்தா எட்த்தவொடனே உள்ள சேப்பாங்களா? வெளிய நங்கூரம் போட்டு நிக்கணும். பத்து நாளு."

"மாமா, இது வாத்து."

"வாத்து மட்டும் இன்னா, தரையிலயா மெதக்குது?"

பின்கட்டின் குறுக்கே பழைய மீன்வலையைக் கட்டி, என் நான்கையும் அந்தப் பக்கம் விட்டார். வீட்டு ஆண் வாத்து வலையருகே வந்து, கழுத்தை நீட்டி, சங்கத் தேர்தலில் நிற்பவன் மாதிரி நாள் முழுக்கக் கத்தியது. என்னுடையவை மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. வைத்த தீனி வைத்தபடி இருந்தது. சாயங்காலமானால் அம்மா போன் செய்வாள். "இன்னாடி, துன்னுதுங்களா?" "நல்லா துன்னுது" என்று பொய் சொல்வேன். என் வீட்டுக்காரர், "ஒத்து வர்லன்னா ஞாயித்துக்கெழம கொயம்பு வச்சி முட்ச்சிடலாம்" என்றார். அன்று அவருக்கு நான் சோறு போடவில்லை.

பத்தாம் நாள் நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் மாமனாருக்குப் பழைய உத்தியோகம் நினைவுக்கு வந்துவிட்டது. இரண்டு பேர் சரக்கை மார்க் இல்லாமல் கலக்கலாமா? கேட்டுக்கு அடித்து மீதமிருந்த பெயிண்டை எடுத்து, என் நான்கு வாத்துகளின் முதுகிலும் ரூபாய் அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார். காய வைத்துவிட்டு வலையைத் தூக்கியிருக்கிறார். நான் வந்தபோது பின்கட்டு முழுக்க இறகு. வீட்டு வாத்து ஆறும் சிவப்பு வட்டத்தையே குறிபார்த்துக் கொத்திக்கொண்டிருந்தன. ஒன்றின் முதுகில் எது பெயிண்ட், எது ரத்தம் என்றே தெரியவில்லை.

"இன்னா மாமா பண்ணி வச்சிகீறீங்க? இது இன்னா கோதும மூட்டையா?"

அவர் பிரஷ்ஷோடு நின்றார். "மார்க் தெளிவா தெரியணும்னுதாம்மா..."

"தெரிஞ்சிச்சே! அதுங்களுக்கே தெரிஞ்சிச்சே!"

நான்கையும் மறுபடி வலைக்குப் பின்னால் தள்ளினேன். சோப்புப் போட்டுத் தேய்த்தும் பெயிண்ட் போகவில்லை. அம்மாவிடம் என்ன சொல்வேன்? எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. மாமனார் கையிலிருந்த பிரஷ்ஷைப் பிடுங்கி, அந்த ஆண் வாத்தை முழங்காலிடுக்கில் அமுக்கி, கழுத்திலிருந்து வால் வரைக்கும் சிவப்பாக அடித்தேன். யோசித்துச் செய்த காரியமல்ல. சுத்தமான பழிவாங்கல்.

விட்டதும் அதன் ஐந்து பெண்டாட்டிகளும் அதைப் பார்த்தன.  பிறகு ஐந்தும் சேர்ந்து பாய்ந்தன. ஆண் வாத்துத் தலைவர் ஓடினார். சுவரை உரசிக்கொண்டு ஓடி, வலைக்கு அடியில் நுழைந்து, அந்த நான்கு சிவப்பு வாத்துகளுக்கு நடுவே போய் விழுந்தார். அவை அவரை ஒன்றும் செய்யவில்லை. முதுகில் காயம்பட்டது மட்டும் தண்ணீர்த் தொட்டியருகே கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது. கொஞ்ச நேரத்தில் அவர் தீனியில் வாய் வைத்தார். அதைப் பார்த்து நான்கும் வாய் வைத்தன. அன்று அம்மாவிடம், "துன்னுதும்மா" என்று முதல் தடவையாக உண்மை சொன்னேன்.

நான்கு நாள் தலைவர் அங்கேயேதான் இருந்தார். ஐந்தாம் நாள் வலையை எடுத்தோம். அவர் முன்னால் நடந்தார், நான்கும் பின்னால் வரிசையாக நடந்தன. வீட்டுப் பெண் வாத்துகள் கொஞ்சம் முணுமுணுத்தன. ஒரு கொத்துகூட விழவில்லை.

மாமனார் எண்ணினார். "பத்து." மறுபடி எண்ணினார். "பத்து. சரியாகீதும்மா." எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அடுத்த மழைக்குள் இறகு உதிர்ந்து பெயிண்ட் போய்விட்டது. எது அம்மாவுடையது, எது தன்னுடையது என்று மாமனாருக்கே தெரியாமல் போனது. முப்பது வருஷம் மார்க் போட்ட மனிதர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வருஷம் இறந்துவிட்டார்.

வெள்ளையடிப்பவர் பயந்துபோய், "இன்னாக்கா கற அது?" என்று கேட்டார். "வாத்து அட்ச்சது. அத வுட்டு சுத்தி அடி" என்றேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும். சுற்றிலும் புது வெள்ளை ஏறியதும் சிவப்பு இன்னும் பளிச்சென்று தெரிகிறது. காலையில் அந்தச் சுவரோரம் நின்று வாத்துகளை எண்ணுகிறேன். பத்து வருகிறது. இன்னொரு தடவையும் எண்ணிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.