முகம் மட்டும் கொளஞ்சியுடையது

சும்மா உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் என்றால் நம் ஊர்களில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அப்படிப்பட்ட உத்தியோகங்கள் நிறையவே இருக்கின்றன. கொளஞ்சிக்குக் கிடைத்தது அவற்றில் கொஞ்சம் கடினமானது. அவள் அசையாமல் உட்கார வேண்டும்.

சிதம்பரம் வடக்கு வீதிக்குப் பின்னால், பழைய அரிசி மண்டி ஒன்றின் மாடியில் நடந்துவந்த தனியார் ஓவியக் கல்லூரியில் அவள் பெருக்கித் துடைக்கத்தான் சேர்ந்தாள். ஆளைப் பார்த்து வரையும் வகுப்புக்கு வழக்கமாக வந்து உட்காரும் பக்கிரி ஒருநாள் குடித்துவிட்டு வந்து, உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து தூங்கிவிட்டார். மாணவர்கள் அதையும் வரைந்தார்கள். ஆசிரியர் ஞானசேகரனுக்குத்தான் கோபம். வாசலில் துடைப்பத்தோடு நின்றவளைப் பார்த்து, "நீ வந்து உக்காரும்மா" என்றார். உட்கார்ந்தாள். அதன்பிறகு பக்கிரி நிதானமாக வந்த நாட்களிலும் அவரை யாரும் கூப்பிடவில்லை.

கொளஞ்சிக்கு அப்போது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவளை அழகு என்று யாரும் சொன்னதில்லை. ஞானசேகரன் மட்டும், "பிரமாதமான கன்ன எலும்பு" என்பார். வாழ்நாளில் அவளுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு எலும்புக்குப் போனது.

முழுப் புடவையில், தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டுதான் உட்காருவாள். அதற்கு மேல் அந்தக் கல்லூரியில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் முதலில் எழுந்து ஓடியிருக்கக்கூடியவர் ஞானசேகரன்தான். வெளிநாட்டு ஓவியர்களின் நிர்வாணப் படங்களைப் பாடத்துக்காகக் காட்டும்போது பக்கத்தை வேகமாகப் புரட்டுகிறவர் அவர்.

கொளஞ்சியைக் கட்டியவன் என்றோ விட்டுப்போய்விட்டான். அண்ணாமலை நகரைத் தாண்டி, தம்பி கதிர்வேல் வீட்டில் இருந்தாள். தம்பி பள்ளி வேன் ஓட்டினான். அவன் மனைவி அனுப்பிரியா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். அவர்களுடைய பெண் இசைவாணியைப் பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்தது கொளஞ்சி. பகலெல்லாம் அசையாமல் இருந்துவிட்டு வருகிறவளை, மாலையில் அந்தக் குழந்தை ஒரு நிமிடம் சும்மா இருக்க விடாது. மடியில் ஏறும், தோளில் ஏறும், மூக்குத்தியைத் திருகும். கொளஞ்சிக்குச் சொத்து என்று இருந்தது அதுதான். அதுவும் அவள் பெயரில் இல்லை.

அவளை அதிகம் வரைந்தவள் வெண்மதி. கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் மாணவி. அப்பா தலைமையாசிரியர், அம்மா நர்ஸ். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் முன்வரிசை. படித்து மேலே வந்த குடும்பம். மேலே வந்தவர்களுக்கு விழுகிற பயம் ஜாஸ்தி. வெண்மதி பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர்களை வரைவாள், குறிப்பாகத் தூங்குகிறவர்களை. அவர்கள் எதிர்த்துக் கேட்பதில்லை. கல்லூரிக்கு வந்ததும் கொளஞ்சி. நாளடைவில் பென்சிலை எடுத்தாலே கை தானாக அந்த முகத்துக்குப் போகும்.

"மூக்கக் கொஞ்சம் சின்னதா போட்டாத்தான் என்னா?" என்பாள் கொளஞ்சி, உதடு அசையாமல் பேசக் கற்றுக்கொண்டிருந்தவள்.

"சார் திட்டுவாருக்கா. கண்ணால பாக்கறதத்தான் வரையணுமாம்."

"பாக்கறத வரையறதுக்கு எதுக்குக் காலேஜு? கண்ணாடி வாங்கி மாட்டிட்டா போச்சு."

ஒரு மழைநாளில் வெண்மதி தோழியின் ஸ்கூட்டியை ஓட்டிப் பார்க்கப்போய், கல்லூரி வாசலிலேயே விழுந்து இடது முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். பெண்கள் அறைக்குள் இழுத்துப் போய், காப்பித்தூளை அள்ளி அப்பி, கிழிந்த துணியால் கட்டியவள் கொளஞ்சி. காயம் ஆறியது. பிறை மாதிரி ஒரு தழும்பு நின்றது.

கடைசி வருடம், கடலூரில் ஒரு மண்டபத்தை எடுத்து மாணவர்களின் கண்காட்சி வைத்தார்கள். வெண்மதிக்கு முழு மனித உடம்பை, துணியில்லாமல், ஒருமுறையாவது வரைய வேண்டும். யாரைக் கேட்பது? வீட்டில் எல்லோரும் சர்ச்சுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைவலி என்று படுத்துக்கொண்டாள். கதவைத் தாழிட்டு, பீரோக் கண்ணாடியின் முன் உட்கார்ந்து தன்னையே வரைந்தாள். ஆசிரியர் சொன்னபடி பார்த்ததை எல்லாம் வரைந்தாள், முழங்கால் தழும்பு உட்பட. கழுத்துவரை வந்ததும் பயம் வந்தது. தன் முகத்தை எப்படிப் போடுவது? கை தானாகப் போகிற முகத்துக்குப் போனது.

படத்துக்குப் பரிசு கிடைத்தது. ஐம்பது வயது முகத்துக்குக் கீழே இருபது வயது உடம்பு எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நடுவர் அதைக் "காலத்தின் முரண்" என்றார். ஞானசேகரன் அன்று மண்டபத்தின் மறுகோடியில் இருந்த இயற்கைக் காட்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளூர்ச் செய்தி சேனல்காரன் ஒருவன் போனில் எடுத்துப் போட்ட வீடியோ, வேன் டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. கூடவே ஒரு வரி: "மச்சான், இது உங்க அக்கா மாதிரியே இல்ல?"

"என்னாக்கா இது?" கதிர்வேல் போனை நீட்டினான்.

கொளஞ்சி வெகுநேரம் பார்த்தாள். முதலில் தன் முகத்தை, பிறகு முழங்காலை.

"மொகம் என்னுது. மத்தது என்னுது இல்ல."

"பின்ன யாருது?"

"வரைஞ்ச பொண்ணக் கேளு."

வீட்டை விட்டுப் போ என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சோறு முன்போலவே போட்டார்கள். குழந்தை அவள் மடியை நோக்கி ஓடினால் மட்டும், "பாப்பா, இங்க வா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இரண்டொரு நாளில் குழந்தை ஓடுவதை நிறுத்திவிட்டது. குழந்தைகளுக்குப் பாடம் சீக்கிரம் ஏறும்.

கொளஞ்சி கல்லூரியில் வெண்மதியைத் தனியாகப் பிடித்தாள்.

"காப்பித்தூள் வச்ச எனக்குத் தெரியாதா அது யாரு முட்டின்னு? நீ வந்து ஒரு வார்த்த சொல்லு, போதும்."

வெண்மதி அழுதாள். "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னுடுவாருக்கா."

"உங்கப்பாகிட்ட யாரு சொல்லப்போறா? எங்க வீட்ல சொல்லு. அவுங்க பாப்பாவ எங்கிட்ட விட மாட்டேங்கறாங்க."

வருவதாகச் சொன்னாள். வரவும் செய்தாள், துணைக்கு ஞானசேகரனைக் கூட்டிக்கொண்டு. பிளாஸ்டிக் நாற்காலிகள் போடப்பட்டன. ஞானசேகரன் மனித உடல் என்பது இயற்கையின் கோயில் என்று தொடங்கினார்.

"சார், லெக்சரெல்லாம் அப்புறம்" என்றான் கதிர்வேல். "இது எங்க அக்காவா, இல்லியா?"

"மொகம் மட்டுந்தாங்க அவுங்களுது" என்றாள் வெண்மதி.

"ஒடம்பு?"

வெண்மதி கொளஞ்சியைப் பார்த்தாள். ஆசிரியரைப் பார்த்தாள். "அது… புக்கப் பாத்து வரைஞ்சது."

அனுப்பிரியா போனில் படத்தை விரல்களால் விரித்துப் பெரிதாக்கினாள். ரத்தத்தில் அணுக்களைத் தேடுகிற கண். "புக்குல இருக்கற பொம்பளைக்கு முட்டியில தழும்பு இருக்குமா?"

வெண்மதி துப்பட்டாவை இழுத்து, ஏற்கெனவே மூடியிருந்த முழங்காலை மறுபடி மூடினாள். கொளஞ்சி அவள் வாயையே பார்த்தபடி இருந்தாள். அசையாமல் இருப்பதில் அவளுக்குப் பழக்கம் உண்டு. அன்று முடியவில்லை.

"அந்தத் தழும்பு என்னுதுதான்" என்றாள்.

காட்டு என்று யாராவது கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். ஆனால் மானமுள்ள குடும்பம். அக்காவின் முழங்காலைப் பார்க்க மாட்டார்கள். போனில் பெரிதாக்கித்தான் பார்ப்பார்கள்.

இதைத் தியாகம் என்று எழுத வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் தம்பி வீட்டை விட்டுக் கிளம்பி, மேல்பட்டாம்பாக்கத்தில் மெஸ் நடத்தும் தூரத்து உறவுக்காரி ராமாமிர்தத்திடம் வந்து சேர்ந்தபின், ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவள் கேட்டதற்குக் கொளஞ்சி சொன்ன காரணம் வேறு. "அந்தப் பொண்ணு சொல்லும் சொல்லும்னு பாத்தேன். சொல்லாத வாயப் பாத்துக்கினு எம்மா நேரம் உக்காந்திருக்கறது? எழுந்துக்கலாம்னு தோணிச்சு."

மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கிற வேலை. அசைந்துகொண்டே இருக்க வேண்டிய வேலை என்பதால் அவளுக்குப் பிடித்திருந்தது என்று ராமாமிர்தம் சொல்வாள். சாப்பிட வரும் குழந்தைகள் இருக்கும் பக்கம் மட்டும் அவள் வருவதில்லை என்பதையும் அவளே சொல்வாள்.

அடுத்த வருடம் வெண்மதி தேடிக்கொண்டு வந்தாள். அதற்குள் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை ஆகியிருந்தாள்.

"நான் போயி உண்மையச் சொல்லிடறேங்கா. என்ன ஆனாலும் சரி."

கொளஞ்சி குண்டானைக் கவிழ்த்து வைத்தாள். "சொல்லு. நீ நல்லவளாயிடுவ. எந்தம்பி நம்புவானா? நாந்தான் என்னுதுன்னு என் வாயால சொல்லிட்டேனே."

வெண்மதி போகாமல் நின்றாள். கொளஞ்சிக்கு அதுவும் எரிச்சல். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒண்ணு பண்ணு. பாப்பாவ ஒரு படம் வரைஞ்சு எடுத்துக்கினு வா. போட்டோ கேட்டா அவன் குடுக்க மாட்டான். காலைல ஸ்கூல் வாசல்ல எறங்குவா, பாரு."

வெண்மதி போனாள். எதிர்ப்பக்கத்து ஜெராக்ஸ் கடையோரம் நின்றாள். வேன் வந்தது. ஓட்டி வந்தவன் இறங்கும்போதே அவளைப் பார்த்துவிட்டான். கதவைத் திறந்து, குழந்தையின் தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பி, உள்ளே அனுப்பினான். அடுத்தடுத்து அவள் போன நாட்களிலும் அதுவேதான். இரட்டைப் பின்னல், முதுகுப் பை, ஒரு பக்கம் இறங்கிய சாக்ஸ். அவ்வளவுதான் கிடைத்தது. அதை வரைந்தாள். முன்பு பார்த்திராத முகத்தைக் கற்பனையில் போட அவளுக்கு இப்போது துணிவில்லை, நேர்மை வந்துவிட்டது.

மெஸ்ஸின் பின்பக்கத்தில் படத்தைக் கொடுத்தாள். கொளஞ்சி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மொகம் எங்க?"

"பாக்க முடியலக்கா. அதான் போடல."

"பாக்காததெல்லாந்தான் நீ நல்லா போடுவியே" என்றாள் கொளஞ்சி.

வெண்மதி அதன்பிறகு அங்கே வரவில்லை. படம் மெஸ்ஸில், காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. குழம்பு தெறித்து ஒரு பின்னல் மஞ்சளாகிவிட்டது. சாப்பிட வருகிறவர்கள் எப்போதாவது கேட்பார்கள், யாருடைய குழந்தை என்று.

"எந்தம்பி பொண்ணு."

"மொகத்தையே காணோமே?"

"ஸ்கூலுக்கு நேரமாயிடுச்சு அவளுக்கு" என்று சொல்லிவிட்டு, கொளஞ்சி எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.