எரிந்த கடைக்கு வாடகை

காரைக்கால் கடைத்தெருவில் நான் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கட்டடத்தின் சொந்தக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட கைலி. எங்கே போனாலும் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்.

மின்கசிவில் கடை எரிந்த மறுநாள் வந்தார். கருகிய சுவர்களை ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"தீப்புடிச்சா என்னன்னு பத்திரத்துல போட்டிருக்கு, தம்பி?"

"கட்டடம் பாழாயிட்டா ஒப்பந்தம் முடிஞ்சிடும்னு இருக்குங்க, பாய்."

"பாழாயிடுச்சா?"

நான் ஆமாம் என்றால் கடை கையைவிட்டுப் போய்விடும். இல்லை என்றால், துணியே இல்லாத கடைக்கு வாடகை கொடுக்க வேண்டும்.

"செவரு நல்லாத்தான் இருக்கு" என்று அவரே சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரமே தன் செலவில் ஷட்டரை மாற்றி, வெள்ளையடித்துக் கொடுத்தார். மாதம் பிறந்ததும் வாடகைக்கு வந்து நின்றார். கடன் வாங்கித்தான் கொடுத்தேன்.

இன்றும் அதே கடையில்தான் வியாபாரம். "நம்மளக் காப்பாத்திட்டாரு" என்கிறாள் என் மனைவி. "வாடகையக் காப்பாத்திக்கிட்டாரு" என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். யார் சொன்னாலும் அந்த நேரத்துக்கு எனக்கு அதுதான் சரியென்று படுகிறது.